டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தாச்சு... இனி யார் பார்த்துக்கொள்வது? நண்பர்கள் ஒன்றுசேர்ந்து கைகொடுப்பது எப்படி?

ஆபரேஷன் முடிந்துவிட்டது. பில் கட்டியாகிவிட்டது. கையில் ஒரு ஃபைல், ஒரு பை நிறைய மாத்திரை. வீட்டுக்கு வந்து கட்டிலில் படுக்க வைத்ததும் எல்லாரும் 'அப்பாடா' என்று மூச்சு விடுவார்கள். ஆனால், கவனிப்பு என்கிற வேலை பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான் தொடங்குகிறது.

ஆஸ்பத்திரியில் மூன்று ஷிஃப்ட் நர்ஸ்கள், டூட்டி டாக்டர், வார்டு உதவியாளர், கேன்டீன், பக்கத்திலேயே மெடிக்கல் ஷாப் என்று பலர் பகிர்ந்து செய்த வேலை, வீட்டில் ஒரே ஆள் தலையில் விழுகிறது. அது பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள், அம்மா. தனியாக வாழ்கிறவர்களுக்கும், ஊரை விட்டு வந்து ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறவர்களுக்கும் அந்த ஒரு ஆள்கூட இருப்பதில்லை.

இந்த இடத்தில்தான் நண்பர்கள், அக்கம்பக்கத்தார், கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் முக்கியமாகிறார்கள். உதவ வேண்டும் என்ற மனசு நிறையப் பேருக்கு இருக்கிறது. அதை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. இதோ, அதற்கான முழு விவரம்.

ஒரே ஆளால் ஏன் முடியாது?

ஒரு நாளில் என்னென்ன வேலை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மூன்று வேளை மாத்திரை, மூன்று வேளை பத்தியச் சாப்பாடு, பாத்ரூமுக்கு அழைத்துப் போவது, குளிப்பாட்டுவது அல்லது உடம்பு துடைப்பது, துணி துவைப்பது, காயத்தைக் கவனிப்பது, பிசியோ பயிற்சி, ராத்திரி இரண்டு முறையாவது எழுந்திருப்பது. இதற்கு நடுவே போன் வந்துகொண்டே இருக்கும். 'இப்போ எப்படி இருக்கார்?' என்று ஒரே கேள்விக்கு இருபது பேருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்தச் சுமை யார் மேல் இருக்கிறது என்பதற்கு அரசாங்கக் கணக்கே இருக்கிறது. மத்திய அரசின் தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டில் உள்ளவர்களைக் கவனிக்கும் சம்பளமில்லாத வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 134 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் செலவிட்டது 76 நிமிடம். ஆபரேஷன் முடிந்த ஒருவர் வீட்டுக்கு வரும்போது இந்த நேரம் எவ்வளவு கூடும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

தூக்கம் கெட்ட ஆள் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிடலாம். களைத்துப்போன ஆளால் நோயாளியைச் சரியாகத் தாங்கிப் பிடிக்க முடியாமல் இருவருமே விழலாம். ஆக, பார்த்துக்கொள்கிறவரின் களைப்பு என்பது அவருடைய பிரச்சினை மட்டும் இல்லை, நோயாளியின் பாதுகாப்புப் பிரச்சினையும்கூட.

'ஏதாவது வேணும்னா சொல்லு' ஏன் வேலைக்கு ஆவதில்லை?

பார்க்க வருகிற எல்லாரும் கிளம்பும்போது சொல்கிற வார்த்தை இது. மனசார சொல்கிறார்கள். ஆனால் கேட்கிற இடத்தில் இருப்பவருக்கு அது இன்னொரு வேலை. என்ன வேண்டும் என்று யோசிக்கணும், யாரைக் கேட்கலாம் என்று முடிவு பண்ணணும், கூச்சத்தை விட்டுப் போன் போடணும். முக்கால்வாசிப் பேர் கேட்கவே மாட்டார்கள்.

அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'செவ்வாயும் வெள்ளியும் மத்தியான சாப்பாடு நான் கொண்டு வந்துடறேன். காரம் கம்மியா போடணுமா?' இதற்குப் பதில் சொல்வது சுலபம். 'சரி' என்றால் போதும்.

உலகத்தில் இதை எங்கே செய்து காட்டினார்கள்?

1988-ல் நியூயார்க்கில் சூசன் ஃபாரோ என்ற பெண் புற்றுநோயோடு தனியாகப் போராடிக்கொண்டிருந்தார். ஒரு மனநல ஆலோசகரின் யோசனையில் அவருடைய தோழிகள், தெரிந்தவர்கள் என 12 பெண்கள் ஒன்றுகூடினார்கள். அதில் பலர் ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாதவர்கள். அந்தக் குழு மூன்றரை ஆண்டுகள், அவர் இறக்கும் வரை, முறைவைத்துக் கவனித்துக்கொண்டது. குழுவில் இருந்த கேப்பி கபோசெலா, ஷீலா வார்னாக் இருவரும் அந்த அனுபவத்தை 'ஷேர் தி கேர்' என்ற கையேடாக 1995-ல் வெளியிட்டார்கள். ஒரே ஆள் தலைமை தாங்காமல், வாரத்துக்கு இருவர் என்று பொறுப்பை மாற்றிக்கொண்டே இருப்பது இந்த முறையின் முக்கியமான அம்சம்.

பக்கத்திலேயே இன்னொரு முன்மாதிரி இருக்கிறது. 1993-ல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை இயக்கம், பிறகு மலப்புறம் மாவட்டத்தில் ஊர் மக்களே நடத்தும் அக்கம்பக்க வலையமைப்பாக வளர்ந்தது. வாரத்துக்கு 2 மணி நேரமாவது ஒதுக்க முடிகிற சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, தங்கள் ஊரில் படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். 2008-ல் ஆதரவுச் சிகிச்சைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்ட முதல் இந்திய மாநிலமானது கேரளா.

இரண்டும் நீண்டகால நோய்க்கான ஏற்பாடுகள். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் தேறி வருகிறவருக்கு இதில் பாதி போதும். ஆனால் பாடம் ஒன்றுதான்: ஒவ்வொருவரும் கொஞ்ச நேரம், முன்பே பேசி முடித்த வேலை, மாறி மாறி வரும் பொறுப்பு.

முதல் வேலை: நோயாளியிடமே கேட்பது

நல்ல மனசோடு செய்தாலும், கேட்காமல் செய்தால் அது தொந்தரவாகிவிடும். ஆகவே, குழு அமைப்பதற்கு முன்பே தேறி வருகிறவரிடம் நான்கு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

• யார் யார் வரலாம், யார் வேண்டாம்?
• என்ன நோய், என்ன ஆபரேஷன் என்பதை எவ்வளவு தூரம் வெளியில் சொல்லலாம்?
• குளிப்பது, உடை மாற்றுவது, பாத்ரூம் - இதற்கெல்லாம் யார் உதவினால் கூச்சம் இருக்காது?
• எந்த நேரம் தூக்கம், எந்த நேரம் தனிமை வேண்டும்?

கர்ப்பப்பை ஆபரேஷன், மூல ஆபரேஷன், மனநல சிகிச்சை போன்றவற்றை எல்லாருக்கும் தெரியப்படுத்த யாருமே விரும்ப மாட்டார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டையும், படுக்கையில் இருக்கும் போட்டோவையும் குழுவில் போடக் கூடாது. இது முதல் நாளே சொல்லிவிட வேண்டிய விதி.

டிஸ்சார்ஜுக்கு முன்பே வாங்க வேண்டிய தகவல்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி என்பது பில் மாதிரி மடித்து வைக்கிற காகிதம் இல்லை. அடுத்த ஆறு வாரத்துக்கான வழிகாட்டி அதுதான். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் டாக்டரிடமோ நர்ஸிடமோ இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

• எந்த மாத்திரை புதுசு, பழைய மாத்திரையில் எதை நிறுத்த வேண்டும்?
• தையல் எப்போது பிரிக்க வேண்டும், காயம் நனையலாமா?
• எதைச் செய்யவே கூடாது? எவ்வளவு நாளைக்கு?
• எவ்வளவு நடக்க வேண்டும், எந்தப் பயிற்சி, ஒரு நாளைக்கு எத்தனை முறை?
• ராத்திரியில் பிரச்சினை என்றால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது?
• அடுத்த ரிவ்யூ எந்தத் தேதி?

படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைப்பது, வாக்கர் பிடிக்க வைப்பது, யூரின் பேக் காலி பண்ணுவது போன்றவற்றை நர்ஸ் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு, அவர் முன்னாலேயே நீங்கள் ஒருமுறை செய்து பாருங்கள். அனுமதி கேட்டு போனில் வீடியோ எடுத்துக்கொண்டால், பின்னால் வருகிற நண்பர்களுக்கும் காட்டலாம்.

ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் விதி வேறு. முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தவருக்கு, வசதியாக இருக்கட்டும் என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது. கால் முழுசாக நீளாமல் போய்விடும். பைபாஸ் செய்தவரைக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பக் கூடாது. நெஞ்செலும்பு ஒட்டிச் சேரும் காலம் அது. இடுப்பு மூட்டு மாற்றியவர் தரையில் உட்காருவது, சம்மணம் போடுவது, தாழ்வான நாற்காலி எல்லாவற்றையும் டாக்டர் சொல்லும் வரை தவிர்க்க வேண்டும். இதெல்லாம் தெரியாமல் உதவப் போனால் உபத்திரவமாகிவிடும்.

வேலையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

'கவனிச்சுக்கணும்' என்று மொத்தமாகச் சொன்னால் யாரும் முன்வரத் தயங்குவார்கள். துண்டு போட்டுக் காட்டினால் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வார்கள்.

• பக்கத்தில் இருந்து செய்பவை: ராத்திரித் துணை, பாத்ரூம் உதவி, நடைப் பயிற்சிக்குக் கூடப் போவது
• வெளியில் இருந்து செய்பவை: சாப்பாடு, மளிகை, மருந்து வாங்குவது, கேஸ் புக்கிங், கரண்ட் பில்
• போக்குவரத்து: ரிவ்யூ, தையல் பிரிப்பது, ரத்தப் பரிசோதனை
• வீட்டுக்காக: குழந்தையை ஸ்கூலில் விடுவது, செடிக்குத் தண்ணீர், நாய்க்குச் சாப்பாடு
• தூரத்தில் இருந்து செய்பவை: இன்சூரன்ஸ் பேப்பர் வேலை, ஆன்லைன் ஆர்டர், தினமும் ஒரு போன், குழு அட்டவணையைப் பார்த்துக்கொள்வது

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிற நண்பர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனியோடு அரை மணி நேரம் போனில் காத்திருப்பதற்குச் சென்னையில் இருக்க வேண்டியதில்லை.

ஒருங்கிணைப்பாளர் யார்?

நோயாளியும் வேண்டாம், அவரைக் கவனிக்கும் மனைவியோ மகளோ வேண்டாம். மூன்றாவது ஆள் ஒருவர், முடிந்தால் இருவர், வாரத்துக்கு ஒருமுறை மாறும்படி இருக்கட்டும். குழுவுக்குத் தகவல் சொல்வது, காலியாக இருக்கும் ஷிஃப்டுக்கு ஆள் பிடிப்பது, 'எப்படி இருக்கார்?' போன்களுக்குப் பதில் சொல்வது இவர்கள் வேலை.

வாட்ஸ்அப் குழுவில் முதல் மெசேஜ் இப்படி இருக்கலாம்:

'எல்லாருக்கும் வணக்கம். நம்ம அக்கா புதன்கிழமை டிஸ்சார்ஜ் ஆகறாங்க. முதல் ரெண்டு வாரம் கூட ஆள் வேணும், அதுக்கப்புறம் சாப்பாடும் பிசியோவும் மட்டும். கீழே லிஸ்ட் இருக்கு. முடிஞ்சதை மட்டும் பேர் போட்டு எடுத்துக்கோங்க. முடியலைன்னா பரவாயில்லை, காரணம் சொல்ல வேண்டாம். தினமும் ராத்திரி 8 மணிக்கு நான் ஒரு அப்டேட் போடறேன். தயவுசெஞ்சு அக்காவுக்கு நேரா போன் பண்ண வேண்டாம், தூங்கிட்டு இருப்பாங்க. இந்த குரூப்ல குட் மார்னிங் மெசேஜும், வைத்தியக் குறிப்பு ஃபார்வேர்டும் வேண்டாம்.'

கடைசி வரி சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் நாற்பது ஃபார்வேர்டுக்கு நடுவில் 'இன்னைக்கு ராத்திரி என்னால வர முடியலை' என்ற ஒரு மெசேஜ் தொலைந்துபோனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு உதாரணம்: ஆறு வாரம் எப்படிப் போகும்?

62 வயதுப் பெண், சென்னையில் தனியாக வசிக்கிறார், ஒரு முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன், பெங்களூருவில் இருக்கும் மகளுக்கு ஒரு வாரம் மட்டும் லீவு என்று வைத்துக்கொள்வோம். வாக்கிங் தோழிகள் மூன்று பேர், பழைய ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர், எதிர் வீட்டுத் தம்பதி என மொத்தம் ஏழு பேர் சேர்கிறார்கள்.

முதல் வாரம்: மகள் கூட இருக்கிறார். அதனால் மற்றவர்கள் சும்மா இருக்கலாம் என்று அர்த்தமில்லை. சாப்பாடு வெளியிலிருந்து வருகிறது. தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் ஒரு தோழி வந்து உட்கார, மகள் தூங்குகிறார். ராத்திரி விழிப்புக்கு அது ஈடு. போகிற வருகிற தோழிகள் எல்லாரும் மகள் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

இரண்டாவது வாரம்: இதுதான் கஷ்டமான வாரம். மகள் கிளம்பிவிட்டார். ராத்திரித் துணைக்கு ஏழு பேரில் நான்கு பேர் மாறி மாறி வருகிறார்கள். தையல் பிரிப்பது பொதுவாக 10 முதல் 14 நாளுக்குள் வரும் என்பதால், காருடன் ஒருவர் தயாராக இருக்கிறார்.

மூன்று, நான்காவது வாரம்: வாக்கரோடு தானாகப் பாத்ரூம் போய் வருகிறார் என்றால், டாக்டரின் சம்மதத்தோடு ராத்திரித் துணையை நிறுத்தலாம். படுக்கை பக்கத்தில் போன், எதிர் வீட்டில் ஒரு சாவி. பிசியோ வரும் நாட்களில் மட்டும் ஒருவர் கூட இருக்கிறார்.

ஐந்து, ஆறாவது வாரம்: சாப்பாடு வாரத்துக்கு மூன்று நாள் போதும். காய் நறுக்குவது, ரசம் வைப்பது என்று அவரே ஆரம்பிக்கட்டும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: உதவி எல்லாம் முதல் மூன்று நாளில் குவியும், இரண்டாவது வாரத்தில் காணாமல் போகும். வீட்டில் ஆறு பேர் கொண்டுவந்த சாப்பாடு ஃபிரிட்ஜில் கெட்டுப்போகும் நாளும் உண்டு, பட்டினியாகத் தூங்கும் நாளும் உண்டு. அட்டவணை போடும்போது இரண்டாவது வாரத்தை முதலில் நிரப்புங்கள்.

மாத்திரை விஷயத்தில் விளையாட்டு வேண்டாம்

பல கைகள் மாறும் வீட்டில் மிகப் பெரிய ஆபத்து, ஒரே மாத்திரையை இரண்டு பேர் கொடுத்துவிடுவது. இதைத் தடுக்க ஒரு பழைய நோட்டு போதும். தேதி, நேரம், மாத்திரை, கொடுத்தவர் பெயர் - நான்கு கட்டம். கொடுத்தவுடன் டிக் போட வேண்டும், 'அப்புறம் எழுதிக்கலாம்' கூடாது. காய்ச்சல் அளவு, மலம், சிறுநீர், வலி, நடந்த நேரம் இவற்றையும் அதே நோட்டில் குறித்தால், ரிவ்யூவுக்குப் போகும்போது டாக்டர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு விடை அதில் இருக்கும்.

டோலோ, கால்பால், குரோசின் என்று பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது பாராசிட்டமால்தான். ஒரு நாளில் பெரியவர்களுக்கு அதிகபட்ச அளவு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. வயதானவர்களுக்கும் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. டாக்டர் எழுதிய வலி மாத்திரையில் ஏற்கெனவே அது கலந்திருக்கலாம். ஆகவே 'எங்க வீட்டுல இருக்கு' என்று யாரும் மாத்திரை கொண்டுவந்து கொடுக்க வேண்டாம். கஷாயம், லேகியத்துக்கும் இதே விதிதான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை.

என்ன சாப்பாடு கொண்டு போகலாம்?

ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போவதுதான் நம்ம ஊர் வழக்கம். ஆனால் அந்த வீட்டுக்குத் தேவை, சூடான ரசம் சாதமாக இருக்கலாம். முதலில் கேளுங்கள். சர்க்கரை உண்டா, உப்புக் கட்டுப்பாடு உண்டா, தண்ணீர் அளவு உண்டா?

இளநீர் உடம்புக்கு நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவருக்கு அதில் உள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம். வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர், கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. காயம் ஆறுவதற்குப் புரதம் முக்கியம். முட்டை, பருப்பு, மீன், சுண்டல் என்று அவர்கள் சாப்பிடும் முறைக்கு ஏற்றபடி கொடுக்கலாம். வலி மாத்திரை, நடமாட்டக் குறைவு இரண்டாலும் மலச்சிக்கல் சகஜம். டாக்டர் தடை சொல்லாத பட்சத்தில் காய்கறி, பழம், போதுமான தண்ணீர் வேண்டும்.

இன்னொன்று, சாப்பாட்டோடு வீட்டில் இருக்கும் கவனிப்பாளருக்கும் சேர்த்து எடுத்துப் போங்கள். திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத டப்பாவில் கொடுத்தால், பாத்திரம் கழுவிக் கொடுக்கிற வேலையும் மிச்சம்.

பார்க்க வருகிறவர்கள் கவனத்துக்கு

• போன் பண்ணிவிட்டுப் போங்கள். 15 நிமிடம் போதும்.
• உள்ளே போனதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் போகவே வேண்டாம்.
• 'எங்க சித்தப்பாவுக்கும் இதே ஆபரேஷன்தான், பாவம்...' என்ற கதை வேண்டவே வேண்டாம்.
• டீ போடச் சொல்லாதீர்கள். முடிந்தால் நீங்கள் போட்டுக் கொடுங்கள்.

பேச்சு விஷயத்தில் ஒரு எளிய வழி இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் சூசன் சில்க், பேரி கோல்ட்மேன் இருவரும் 2013-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகையில் எழுதிய 'வளையம்' யோசனை அது. நடுவில் நோயாளி. அவரைச் சுற்றி முதல் வளையத்தில் துணை, பிள்ளைகள். அடுத்த வளையத்தில் நெருங்கிய நண்பர்கள், அதற்கு வெளியே மற்றவர்கள். உள் வளையத்தை நோக்கி ஆறுதல் மட்டுமே போக வேண்டும். நம் பயம், அழுகை, புலம்பல் எல்லாவற்றையும் நமக்கு வெளியே இருக்கும் வளையத்தில் உள்ளவர்களிடம் கொட்டலாம். நோயாளியின் மனைவி முன்னால் அழுது, அவரே நம்மைத் தேற்றும்படி ஆக்கக் கூடாது.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்காதீர்கள்

வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைக்க வேண்டிய பட்டியல் இது. ஷிஃப்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும்.

உடனே 108:
• நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்
• வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் வராமல் போவது, பேச்சு குழறுவது
• மயக்கம், எழுப்பினால் எழாமல் இருப்பது
• அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம்

அன்றே டாக்டருக்குப் போன்:
• 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம்
• காயம் சிவந்து பரவுவது, சீழ், கெட்ட வாடை, தையல் விடுவது
• ஒரு பக்கக் கெண்டைக்காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு
• மாத்திரை தங்காத அளவு வாந்தி, பல மணி நேரமாகச் சிறுநீர் வராமல் இருப்பது
• திடீர் குழப்பம், ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது

கெண்டைக்கால் வீக்கம் விஷயத்தில் ஒரு முக்கிய எச்சரிக்கை. கால் வீங்கினால் தைலம் போட்டு உருவி விடுவது நம் வீடுகளில் வழக்கம். ஆபரேஷனுக்குப் பிறகு அது காலின் ஆழமான ரத்தக்குழாயில் கட்டிய ரத்த உறைவாக இருக்கலாம். உருவி விட்டால் அந்த உறைவு நகர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். கை வைக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

வயதானவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு சம்பந்தமில்லாமல் பேசினால், 'வயசாயிடுச்சு, அப்படித்தான்' என்று விடக் கூடாது. தொற்று, மருந்து, நீர்ச்சத்துக் குறைவு என்று சரிசெய்யக்கூடிய காரணம் பின்னால் இருக்கலாம்.

பணம்: முதலிலேயே பேசிவிடுங்கள்

நட்பு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். நிதி திரட்டுவதாக இருந்தால், நோயாளியின் குடும்பத்துக்குச் சம்மதமா என்று முதலில் கேட்க வேண்டும். ஒரே கணக்கு, இரண்டு பேர் பார்க்கும்படி. செலவு ஒவ்வொன்றுக்கும் பில் போட்டோ. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைக் குழுவில் போட வேண்டாம். கொடுக்க முடியாதவர்கள் ஒதுங்கிப் போய்விடுவார்கள், அவர்களுடைய நேரமும் கிடைக்காமல் போகும்.

மருந்து பில், பரிசோதனை பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாள் செலவும் சேரும். தனியார் பாலிசிகளில் இந்தக் கால அளவு பாலிசிக்குப் பாலிசி மாறும். பேப்பர் படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் இதை எடுத்துக்கொள்ளலாம்.

நண்பர்களால் முடியாதது எது?

ஊசி போடுவது, ஆழமான காயத்துக்கு டிரெஸ்ஸிங், மூக்குக் குழாய் வழியே உணவு, தொண்டையில் துளை போட்டவரின் பராமரிப்பு - இதெல்லாம் பயிற்சி பெற்றவர் வேலை. முழுசாகப் படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். இப்படிப்பட்ட நிலையில் ஹோம் நர்ஸ் வைப்பதுதான் பாதுகாப்பு. 12 மணி நேரமா 24 மணி நேரமா, படித்த நர்ஸா உதவியாளரா, லீவு போட்டால் மாற்று ஆள் உண்டா என்பதை ஏஜென்சியிடம் முன்பே கேளுங்கள்.

தமிழ்நாட்டில் அரசு வழி உதவியும் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரை தருவதோடு, தேவைப்படுபவர்களுக்குப் பிசியோதெரபியும் ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும்.

குறித்து வைக்க வேண்டிய நம்பர்கள்:
• 108 - ஆம்புலன்ஸ்
• 104 - மருத்துவ ஆலோசனை
• 14567 - முதியோர் உதவி எண்
• 14416 - டெலி மானஸ், மனநல ஆலோசனை

பார்த்துக்கொள்கிறவரை யார் பார்த்துக்கொள்வது?

குழுவின் அட்டவணையில் அவருக்கும் ஒரு கட்டம் வேண்டும். வாரத்துக்கு ஒரு அரை நாள் அவர் வீட்டை விட்டு வெளியே போகட்டும். கோயிலோ, சினிமாவோ, அம்மா வீடோ, எங்கேயாவது. 'நீ போயிட்டு வா, நான் இருக்கேன்' என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால்தான் அது நடக்கும். அவருக்கே சர்க்கரை, பிரஷர் இருந்தால், அவருடைய மாத்திரையைச் சாப்பிட்டாரா என்றும் கேளுங்கள். தூக்கமே வரவில்லை, எதற்கெடுத்தாலும் அழுகை, எரிச்சல் என்று நாள்கணக்கில் நீடித்தால் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

எப்போது நிறுத்துவது?

தொடங்கும்போதே முடிவுத் தேதி சொல்லிவிடுவது நல்லது. 'ஆறு வாரம்' என்று தெரிந்தால் சேருகிறவர்கள் தைரியமாகச் சேருவார்கள். வாங்கிக்கொள்கிறவருக்கும் கடன்பட்ட உணர்வு குறையும். தேவைப்பட்டால் கூடிப் பேசி நீட்டித்துக்கொள்ளலாம்.

அளவுக்கு மீறிய உதவியும் நல்லதில்லை. தண்ணீர் டம்ளரைக்கூடக் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தால், தசை பலவீனமாகும், தன்னம்பிக்கையும் குறையும். டாக்டர் நடக்கச் சொன்ன தூரத்தை அவர் நடக்கட்டும், விழாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இந்த வாரம் டிஸ்சார்ஜ் ஆகிறார்களா? பழம் வாங்குவதற்கு முன் அவர்கள் வீட்டு ஆளுக்கு ஒரு போன் போடுங்கள். 'ரெண்டாவது வாரம் எந்த ராத்திரி ஆள் இல்லை?' என்று கேளுங்கள்.